சும்மா பார்த்துவிட்டு வர ஒரு விசா

விசா கிடைக்கவில்லை.

பயணப்பெட்டி வாங்கப் போய் நான் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில். அம்மா அதற்குள் போர்வைகளை மடித்து வைத்துவிட்டார். நல்ல இறுக்கமான பெட்டி, பூச்சி போகாதாம்.

எந்த நாடு என்று சொல்லமாட்டேன். கோபம் அந்த ஊரின் மேல் இல்லை. ஊர் நன்றாகத்தான் இருக்கிறது... படத்தில்.

கொழும்பில் நேர்முகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. அவர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். என் ஆங்கிலத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்காதா? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஆசிரியை வேலை, விடுமுறைக் கடிதம், தங்குமிடப் பதிவு — எல்லாம் சரி. பிறகு கேட்டார்:

"உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ வீடு, காணி ஏதாவது இருக்கிறதா?"

"லிந்துலையில் வீடு இருக்கிறது."

"யார் பெயரில்?"

நான் பிறந்த வீடு. அப்பா பிறந்த வீடு. அது தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பரா. எட்டுக் குடும்பங்கள் வரிசையாக வாழும் கூரைக்குக் கீழே எங்கள் பங்கு. யார் பெயரில் என்றால்?

"தோட்டத்துக்குச் சொந்தம்" என்றேன்.

அவர் கணினியில் எதையோ தட்டினார். போன வாரம் பதில் வந்தது. நான் திரும்பி வருவேன் என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம்.

எனக்குப் பயணப் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். பாடசாலைக்கு நுவரெலியா பஸ்ஸில்தான் போகிறேன். நானுஓயா வளைவுகளில் தலை சுற்றினாலும் போனை மட்டும் கீழே வைக்கமாட்டேன். அதில்தான் நான் வேறு தெருக்களில் நடந்துகொண்டிருப்பேன். அந்த ஊரில் ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும் வழி எனக்கு மனப்பாடம். இடப்பக்கம் ஒரு பேக்கரி. அதன் வாசலில் ஒரு சிவப்புச் சைக்கிள். படம் எடுத்த அன்று நின்ற சைக்கிள், யாராவது எப்போதோ ஏறிப் போயிருப்பார்கள். எனக்கு மட்டும் அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்தது வியட்நாம். அதற்குப் பிறகு ஜோர்ஜியா. ஒரு நாள் நோர்வே. இப்படி ஒரு வரிசையே வைத்திருந்தேன்!

விசா கிடைக்காத செய்தி லயம் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சுவர் ஒன்றுதானே. அடுத்த காம்பரா செல்வி அக்கா வந்துவிட்டார். குவைத்துக்கு இரண்டு தடவை வீட்டு வேலைக்குப் போய் வந்தவர்.

"என்ன டீச்சர், விசா இல்லன்னுட்டானாமே? எத்தன வருச காண்ட்ராக்ட்?"

"காண்ட்ராக்ட் எல்லாம் இல்லக்கா. பத்து நாளு. சுத்திப் பாக்கத்தான்."

"வேல?"

"வேல இல்ல."

"சும்மா பாக்கவா?" அக்கா சிரித்த சிரிப்பில் அம்மாவும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரன் நம்மளப் பாக்க இங்க வர்றான். நீ அவனப் பாக்க அங்க போறியா? நடுவழியில ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா செலவு மிச்சம் புள்ள!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "திரும்பி வருவேன்னு நம்பிக்கை இல்லையாம்க்கா" என்றேன்.

"அட! எங்கிட்ட அத யாருமே கேக்கலியே. கையெழுத்துப் போட்டேன், விசா வந்துருச்சி." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "அப்ப எங்க மகனுக்கு மூணு வயசு. திரும்பி வருவியான்னு அவன் மட்டுந்தான் கேட்டான்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைக்கப் போகிறவளுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ஆற்றங்கரையில் கையை வீசிக்கொண்டு நடக்கப் போகிறேன் என்பவளிடம்தான் காணி உறுதிப் பத்திரம் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குப் பயணம் பிடிக்காது. கினிகத்தேனையைத் தாண்டினாலே வெயில் தாங்கவில்லை என்று சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற ஆள். ஆனால் மறுநாள் காலையில் கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா?"

"தோட்டத்து ஆபீசுக்கு. எம்மக திரும்பி வரமாட்டான்னு சொல்ல அவன் யாரு? இது நம்ம வீடுன்னு தொர ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா முடிஞ்சி போச்சி."

"தொர எழுத மாட்டாருப்பா."

"ஏன் எழுத மாட்டாரு? இந்த முன்சுவத்த யாரு எழுப்புனா? தகரம் யாரு போட்டா? தொரயா?"

உண்மைதான். முன்னறை அப்பா கட்டியது. வேலை முடிந்து வந்து, சாயங்கால வெளிச்சத்தில் கல் சுமந்து கட்டியது. தரைக்கு சீமெந்து பூசி, சுவருக்கு நீலம் அடித்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த நீலத்தைப் புதுப்பித்து... இப்போது பின்பக்கம் எனக்கென்று ஓர் அறை கட்ட வாசலில் மணல் கொட்டி வைத்திருந்தார். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த எனக்கு ஒரு மேசை வேண்டுமாம்.

மத்தியானம் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி, மடித்து, கொடியில் போட்டார்.

"உக்காரச் சொன்னாரு. தேத்தண்ணி குடுத்தாரு" என்றார்.

நான் காத்திருந்தேன்.

"குடியிருக்கிறோம்னு வேணா எழுதித் தர்றாராம். நம்மளுதுன்னு எழுத முடியாதாம். முன்னறை கட்டுனதுக்கே அனுமதி வாங்கலியாம் நாம." கொடியிலிருந்த சட்டையை மறுபடி எடுத்து, மறுபடி மடித்தார். "திட்டல. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு."

அம்மா சோறு போட்டு வைத்தார். அப்பா சாப்பிடவில்லை.

இத்தனை வருடமாக, வீடு யார் பெயரில் என்ற கேள்வியை அப்பா யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை. அந்தத் தேவையைக் கொண்டுவந்தவள் நான். எங்கோ ஒரு பேக்கரி வாசலைப் பார்க்க ஆசைப்பட்டு... சுற்றுலாப் பயணியாக ஆசைப்பட்டது நான். சொந்த வீட்டில் விருந்தாளியாகிப்போனவர் அப்பா.

அன்றைக்குப் பிறகு அவர் மணலைத் தொடவில்லை. மழை வந்தது. மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீர் ஓடும் கானுக்குள் போகிறது. மூடி வைக்கலாம் என்று படங்கை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"பாப்பா, என்னைக்காவது விசா கெடைச்சா போயிரு."

"போயிட்டு வர்றேன்ப்பா."

"வராத."

"என்ன பேச்சுங்க இது?" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். நான் படங்கை விரித்து மணலை மூடினேன். நான்கு மூலையிலும் கல் வைத்தேன்.

வருகிற விடுமுறைக்கு மறுபடி விண்ணப்பிக்கிறேன் — அப்பா கோபித்துக்கொண்டாலும், போய்த் திரும்பி வருகிற சுற்றுலா விசாவுக்குத்தான்.