படுகளத்து மூக்கு

எதைப் பார்த்தாலும் உடனே கையில் எடுத்துவிட வேண்டும் எனக்கு. மிருதங்கத்தில் கொஞ்ச நாள், வாட்டர்கலரில் ஒரு கோடை, பாதியில் நிற்கும் குறும்படம் ஒன்று. காஞ்சிபுரத்தில் தறி ஓடுகிற வீட்டுப் பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு சேலை தறியை விட்டு இறங்கினால் முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். பிறகு வீட்டில் இருக்கிற எல்லோரும் தொட்டுப் பார்த்து, கரையைப் பற்றியோ முந்தானையைப் பற்றியோ ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்புறம்தான் அது கடைக்குப் போகும். செய்ததை வீட்டு ஆட்கள் பார்ப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. போன சித்திரையில் என் சிநேகிதனுக்கு அது கிடைக்காமல் போனது.

அவன் ஊர் முசரவாக்கம் தாண்டி. விவசாயக் குடும்பம். அவன் மட்டும் டவுனில் ஒரு டிங்கரிங் பட்டறையில் வேலை செய்தான். இடிபட்டு ஒடுங்கின கார் கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிபட்ட இடம் எதுவென்று வண்டிக்காரருக்கே தெரியாமல் செய்துவிடுவான். இது கலைடா என்று நான் ஆரம்பித்தால் சிரிப்பான். "கலையா? இன்சூரன்ஸ் கிளெய்ம்டா இது."

அவன் ஊர் அம்மன் கோயிலில் சித்திரையில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் பகலில் படுகளம். கோயிலுக்கு எதிரே திடலில், ஏரி மண்ணைக் குழைத்து, ஒரு லாரியைவிட நீளமாக மல்லாந்து கிடக்கும் ராசா ஒருவரை ஊர் ஆட்கள் கூடிச் செய்வார்கள். காலையில் ஆரம்பித்து உச்சி வெயிலுக்குள் முடிக்க வேண்டும். பிறகு ராசா வேஷக்காரரும் கதாயுத வேஷக்காரரும் அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். கடைசியில் மண் தொடையில் ஓங்கி ஓர் அடி. உள்ளே புதைத்திருக்கும் சட்டி உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். அம்மன் வேஷம் கூந்தலை முடிந்ததும் ஊரே விழுந்து மண்ணை அள்ளும். நெல் வைக்கிற இடத்துக்கு ஒரு பிடி, மாட்டுக் கொட்டகைக்கு ஒரு பிடி. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு மேடு இருந்த அடையாளம்கூட இருக்காது.

கை, கால், கவசம் எல்லாம் பலபேர் வேலை. முகத்தை மட்டும் ஒருத்தரிடம் கொடுப்பார்கள். முகம் முடிந்ததும் என் சிநேகிதனின் அப்பா வந்து பார்ப்பார். கோயிலில் அவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. துண்டை இறுக்கிக்கொண்டு ராசாவின் காலில் ஆரம்பித்துத் தலை வரைக்கும் மெதுவாக ஒரு நடை நடப்பார். ஏதாவது ஒன்று சொல்வார். "ராசா மூக்கா இது? சம்பந்தி வூட்டு மூக்குபா" என்று ஒரு தடவை சொன்னார். செய்தவருடைய சம்பந்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை, "சண்டைக்குப் போற மூஞ்சி மாதிரியா இருக்குது? ரேஷன் கடை கியூவுல நிக்கிறவன் மாதிரி இருக்கான்." அவர் வைக்கிற பெயர் அப்படியே நின்றுவிடும். "ரேஷன் கடை ராசா பண்ணாங்களே, அந்த வருசம்தான் எங்க கிணறு வத்துச்சு" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

போன சித்திரையில் முகத்தை என் சிநேகிதனிடம் கொடுத்தார்கள். மறுநாள் அவன் ஓசூருக்குக் கிளம்ப வேண்டும், கார் கம்பெனி வேலைக்கு. "பெயிண்ட்டெல்லாம் ரோபோவே அடிச்சிடுமாம்டா. நான் பக்கத்துல நின்னு பார்க்கணுமாம்" என்றான். இனி எந்தச் சித்திரைக்கு லீவு கிடைக்குமோ. அதனால் இந்த ஒரு முகத்துக்கு அப்பா என்ன பெயர் வைப்பார் என்பதே அவன் பேச்சாக இருந்தது. வீட்டில் அவர் இவனிடம், சாப்டியா, வண்டிக்குப் பெட்ரோல் இருக்குதா என்பதற்கு மேல் பேசமாட்டார். திடலில் பேசுவார்.

பட்டறையிலிருந்து பட்டித் தகட்டையே எடுத்து வந்திருந்தான். கன்னத்தை அதால் இழைத்தான். மூக்கை உயர்த்தி, நடுவில் லேசாக ஒடித்துவிட்டான், பழைய சண்டையில் உடைந்த மாதிரி. நான் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். கால் பக்கத்திலிருந்து பார்த்தால் ராசா தூங்குகிறார். இடுப்பருகே வந்தால் விழித்திருக்கிறார், கோபமாக. தோளைத் தாண்டினால் அந்தக் கண்ணில் இருப்பது பயம். அப்பா நடக்கிற நடைக்கென்றே செய்திருந்தான்.

"டேய், இது எப்படிடா?" என்றேன்.

"சத்தம் போடாத. அவரே பார்க்கட்டும்."

அவர் வரவில்லை. வயல் மோட்டாருக்குக் காலையில் வர வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் வெயில் ஏறித்தான் வந்திருந்தது. சித்திரை வெயிலில் நாற்றங்கால் காய்ந்து கிடந்தது. விட்டால் மறுபடி எப்போது மோட்டார் ஓடுமோ. போன் செய்தான்.

"தோ வந்துக்கினே இருக்கேன்பா" என்றார். பின்னால் மோட்டார் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"நான் போய்த் தண்ணி கட்டறேன்டா, அவரை அனுப்பறேன்" என்றேன்.

"நீயா? நெசவுக்காரன் மடை திருப்புனா தண்ணி அடுத்த ஊருக்குப் போயிடும்."

சிரித்தான். ஆனால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தளம் ஆரம்பித்துவிட்டது. சாயந்திரம் தீமிதி இருப்பதால் படுகளத்தைத் தள்ளிப்போட முடியாது. அவன் கதாயுத வேஷக்காரரிடம் ஓடினான். அவர் வேஷத்தோடு நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா அடிங்கண்ணே. எங்கப்பா இன்னும் வரல."

"தம்பி, உங்கப்பா வர்றதுக்குள்ள நான் செத்துடுவேன் போல இருக்குது வெயிலு. சரி, ரெண்டு சுத்து சேர்த்து ஓடறேன். அதுக்கு மேல மூச்சு தாங்காது."

சொன்னதற்கு மேலேயே ஓடினார் அந்த மனிதர். ராசா வேஷக்காரருக்கு விஷயம் தெரியாது. "யோவ், அடிச்சித் தொலையேன்யா" என்று அவர் ஓடிக்கொண்டே கத்தியது மைக்கில் கேட்டு ஊரே சிரித்தது. என் சிநேகிதன் சிரிக்கவில்லை. பிறகு அடி விழுந்தது. சிவப்புத் தண்ணீர், குலவை. பெண்கள் முகத்தின் மேல்தான் முதலில் விழுந்தார்கள். மூக்கு யார் மடியில் போனது என்று தெரியவில்லை.

அவன் அப்பா முழங்கால் வரை சேற்றோடு வந்தார். திடலில் வெறும் ஈர மண்.

"எந்தப் பக்கம்பா தலை?"

அவன் கையைக் காட்டினான். அவர் அங்கே போய் நின்று குனிந்து பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நான் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்று போனை நீட்டினேன். அதற்குள் அந்த வீடியோவை அப்லோடு செய்திருந்தேன், யார் யாரோ பார்த்துவிட்டிருந்தார்கள், இதயம் போட்டுவிட்டிருந்தார்கள். வெயிலில் திரையில் அவர் முகம்தான் தெரிந்தது. என் கையால் மறைத்து நிழல் கொடுத்தேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் அளவில் ஒரு ராசா, நான் எந்தப் பக்கம் போய் எடுத்திருந்தாலும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டு.

மகன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குதுபா" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்குது."

யாருக்கும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்கிற குரல். சொல்லிவிட்டு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வயலுக்குத் திரும்பிவிட்டார். என் சிநேகிதன் பட்டித் தகட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். "வாடா, பை அடுக்கணும்" என்றான்.

அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓசூரிலிருந்து பேசும்போது அவன் அதைப் பற்றி ஒரு தடவையும் கேட்டதில்லை. ஊர் டீக்கடையில் போன சித்திரை ராசாவுக்குப் பெயர் கிடையாது. நானே ஒன்று வைத்துப் பார்க்கலாமென்று பலமுறை முயன்றிருக்கிறேன், அவர் குரலிலேயே சொல்லிக்கூடப் பார்த்தேன். ஒடிந்த மூக்கு, தூங்குகிற மாதிரி கண், பிறகு அந்தப் பயம். என்னென்னவோ வருகிறது. அவர் சொல்லியிருக்கக்கூடிய ஒன்று மட்டும் வரவில்லை.