விரிப்பில் பதிந்த அக்கா

எந்தத் துணி கைக்கு வந்தாலும் ஒரு பிடி சலவை சோடாவை அள்ளிப் போடாமல் அவளால் இருக்க முடியாது. அதனால்தான் சலவைக் கடைக்கு வருகிறவர்கள் அவளுக்குச் சோடாக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய அந்த மகராசிக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்தது. கேமரா இல்லாமல் வெயிலிலேயே படம் அச்சிடும் பழைய வித்தையை ஞாயிறு வகுப்பில் கற்றுக்கொண்டாள். இரண்டு உப்புகளைக் கரைத்துத் துணியில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே எதையாவது வைத்து வெயிலில் காட்ட வேண்டும். தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். சீப்பு, சாவிக்கொத்து, கணவரின் மூக்குக்கண்ணாடி என்று வீட்டில் எதுவும் தப்பவில்லை. பாவம், மனிதர் கண்ணாடியில்லாமல் இஸ்திரி போட்டு யாருடைய சட்டைக் காலரையோ கோணலாக்கிவிட்டார்.

அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது கூடப்பிறந்த அக்காவின் படம். அக்கா மறுநாள் மகனோடு இருக்கக் கடல் தாண்டிப் போகிறாள், திரும்புகிற யோசனை இல்லை. கேமராவைக் கண்டாலே முகத்தை மூடிக்கொள்கிறவள் என்பதால் ஒரு படம்கூடக் கிடையாது. இதில் முகமே விழாது என்று கெஞ்சிய பிறகுதான் இறங்கி வந்தாள்.

மொட்டை மாடியில், அந்த உப்புக் கரைசல் பூசிய விரிப்பின்மேல் அக்கா கைகால் பரப்பிப் படுத்தாள். அசையாதே என்று சோடாக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, போறதுக்குள்ள என்னையும் காயப்போட்டுப் பாத்துடணும்னு இருந்தியா?" என்று கேட்டுவிட்டு அக்காவே வயிறு குலுங்கச் சிரித்தாள்.

கீழே கொண்டுபோய்த் தொட்டியில் அலசியதும் நீலம் குப்பென்று ஏறியது. நடுவில் வெள்ளை வெளேரென்று அக்கா! சிரித்த இடத்தில் வயிற்றின் ஓரம் மட்டும் கலங்கியிருந்தது. சோடாக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குதூகலத்தில் கை தன் பழைய வேலையைப் பார்த்துவிட்டது. ஒரு பிடி சோடா தொட்டிக்குள் விழுந்தது. கண்ணெதிரே நீலம் வெளுத்து மஞ்சளாகி, அக்கா காணாமல் போனாள்.

"அக்காவ நானே வெளுத்துத் தொலைச்சுட்டேனே" என்று தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள். கணவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் டீதான். போட்டுக்கொண்டு வந்து நீட்டினார்.

டம்ளரைப் பார்த்ததும் சோடாக்காவின் அழுகை நின்றது. டீக்கறை அவளுடைய ஜென்ம விரோதி. சோடாவில் வெளுத்த நீலத்தை டீயில் ஊறவைத்தால் கரும்பழுப்பாகும் என்று வகுப்பில் சொன்னபோது, நல்ல துணியில் டீயா என்று காதைப் பொத்திக்கொண்டவள் அவள். இப்போது துணியை நன்றாக அலசிவிட்டு, வீட்டிலிருந்த டீத்தூள் மொத்தத்தையும் பெரிய அண்டாவில் கொட்டிக் கொதிக்கவிட்டாள். சூடு ஆறியதும் துணியை உள்ளே அமுக்கினாள். மூன்று பேரும் அண்டாவை எட்டி எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் மெல்லப் பழுப்பாகி, பழுப்பு கறுக்கக் கறுக்க, கலங்கிய வயிற்றோடு அக்கா திரும்பி வந்தாள். சோடாக்கா ஈரக் கையோடு நிஜ அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

மறுநாள் அக்கா போய்விட்டாள். விரிப்பு கடைச் சுவரில் ஏறியது.

புதிதாக வந்த ஒருவர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சலவைக் கடையிலேயே டீக்கறை போகவில்லையா என்று கேட்டார்.

"போகாதுங்க" என்றாள் சோடாக்கா, வாயெல்லாம் பல்லாக. "அது எங்க அக்கா."