ஒன்றிலா, இரண்டிலா

சல்சா என்றால் ஸ்பானிய மொழியில் குழம்பு. இதைத் தெரியாத்தனமாக முதல் நாளே தன் நடன வகுப்பில் சொல்லிவிட்டாள் டார்லின். பாளையங்கோட்டையில் ஒரு பேச்சைக் கீழே போட்டால் அது சும்மா கிடக்குமா? "டீச்சர், இன்னைக்குப் புளிக்குழம்பா, தேங்காக்குழம்பா?" என்று கேட்டுக்கொண்டேதான் பெண்கள் மாடிப்படி ஏறுவார்கள். பதினெட்டு வருஷமாக அதே கேலி. முதலில் சிரித்தாள். பிறகு சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். இப்போது அதற்கும் தெம்பு இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட ஆட்டம் அது. கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவளுக்குத் தாளம் சட்டென்று பிடிபட்டது. எபனேசரைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். மகள் ரீபா நடக்கத் தொடங்கிய சமயம், துபாயில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற வேலைக்கு அவன் போய்விட்டான். டார்லின் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து வகுப்பு ஆரம்பித்தாள். போர்டில் 'பெண்களுக்கான உடற்பயிற்சி நடனம்' என்று எழுதினாள். சல்சா என்று எழுதினால் அடுத்த ஞாயிறே கோயிலில் வாசிக்கிற ஜெபக் குறிப்பில் அவள் பெயர் வந்துவிடும்.

ஆனால் சல்சா தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லை. ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடவேண்டும். ஆண் இடது காலை முன்னே வைப்பான். பெண் வலது காலைப் பின்னே வாங்குவாள். எங்கே திரும்ப, எப்போது சுற்ற என்பதெல்லாம் அவன் கை சொல்லும். பாளையங்கோட்டையில் எவன் வந்து ஊரான் பெண்டாட்டி கையைப் பிடித்துச் சுற்றிவிடுவான்? சுற்றிவிட்டு முழுசாகப் படியிறங்குவானா? அதனால் ஆண் காலடியை டார்லினே எடுத்துக்கொண்டாள். நர்ஸ்களும் ஆபீஸ் கிளார்க்குகளும் டவுன் பஸ் பிடித்து வந்து, ஒவ்வொருத்தியாக அவள் கையைப் பிடித்துச் சுற்றி ஆடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

துபாய் ஹோட்டலிலும் வாரம் ஒருநாள் சல்சா உண்டு. ஆண்கள் குறைவாக வந்த ஒருநாள், தட்டோடு நின்ற எபனேசரை டான்ஸ் மாஸ்டர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். அப்படியே பழகிக்கொண்டான். "ஏட்டி, நானும் படிச்சிட்டேன். ஊருக்கு வந்ததும் நாம ரெண்டு பேரும் சேந்து ஆடணும்" என்று போனில் சொன்னான். லீவில் வந்தால் கல்யாண வீடு, துக்க வீடு, ஒழுகுகிற கூரை என்று நாள் ஓடிவிடும். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆசை டார்லினுக்கும் இருந்தது. எத்தனை பேரைச் சுற்றிவிட்டாயிற்று, தன்னை ஒருத்தர் சுற்றிவிட மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறாள்.

போன கிறிஸ்துமஸோடு எபனேசர் ஒரேயடியாக வந்துவிட்டான். வந்ததும் சண்டைதான். டார்லின் படித்தது லாஸ் ஏஞ்சல்ஸ் பாணி. எட்டுத் தட்டு கொண்ட தாளத்தில் முதல் தட்டிலேயே கால் பாய்ந்துவிடும். எபனேசர் படித்தது நியூயார்க் பாணி. இரண்டாவது தட்டில்தான் உடம்பு திசை மாறும்.

"ரெண்டுலதாம்ட்டி அசல். கியூபாலருந்து போன சனம் நியூயார்க்குல மாம்போன்னு ஆடுனது. உன் ஒண்ணு நேத்து மொளச்சது" என்பான்.

"நேத்து மொளச்சதுதான் இந்த வீட்ல உலை வச்சிச்சு" என்பாள் அவள்.

கியூபாக்காரன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். எல்லாம் அவன் ஊர் சோன் பாட்டிலிருந்து கிளம்பியதுதான். இவர்கள் இரண்டு பேரும் ஆடுகிற நேர்கோடே அவனுக்குக் கிடையாது, வட்டம் வட்டமாகச் சுற்றுவான். பாபநாசத்தில் அருவியாக விழுவதும் புன்னைக்காயலில் உப்புக் கரிப்பதும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். இதைச் சொன்னால் இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்று ஒருநாள் எபனேசர் சொல்லிவிட்டான். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆடியே குடும்பத்தைக் கரையேற்றியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம், அவளைக் கூட்டிப்போக எபனேசர் மாடிக்கு வந்தான். நர்ஸ் கரோலின்தான் ஆரம்பித்துவைத்தாள். "டீச்சர், சார் வந்து நிக்காங்கல்லா? ரெண்டு பேரும் ஒரு தடவ ஆடிக்காட்டுங்க."

எபனேசர் செருப்பைக் கழற்றினான். "சரி, உன் ஒண்ணுலயே ஆடுவோம். நான் விட்டுத்தாரேன்."

அவன் எதையும் விட்டுத்தந்து அவள் பார்த்ததில்லை. மனசு இளகிவிட்டது. கையைக் கொடுத்தாள். பாட்டு ஓடியது. ஒன்றில் அவன் இடது கால் முன்னே வந்தது. அவள் இடது காலும் முன்னே வந்தது. அவள் நெற்றி அவன் மோவாயில் இடித்தது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். அவளைச் சுற்றிவிட அவன் கையைத் தூக்கினான். அவனைச் சுற்றிவிட அவளும் கையைத் தூக்கினாள். இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுலதான வைக்கேன்? பெறவும் என்ன?" என்றான் எபனேசர்.

டீச்சர் முகத்தைப் பார்த்து கரோலின் சிரிப்பை நிறுத்தினாள். பைகளை எடுத்துக்கொண்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப்போனாள்.

"தாளத்துல கோளாறு ஒண்ணும் இல்ல, அத்தான்" என்றாள் டார்லின். "இத்தன வருஷமும் நான் ஆம்பிள காலுதான் வச்சிருக்கேன். இங்கனயும் சரி, வீட்லயும் சரி. காய்ச்சல்ல கெடந்த ரீபாவத் தூக்கிட்டு ஓடுனது நான். உங்க அப்பாவ அடக்கம் பண்ணக் குழிக்கு ஆள் பாத்தது நான். பின்னால கால வாங்குறது எப்படின்னே மறந்துபோச்சு."

எபனேசருக்குச் சுருதி இறங்கிவிட்டது. அப்பாவின் அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான்.

"அப்ப நான் பொம்பிள காலு வைக்கேன். எனக்கு அதுல ஒரு கொறச்சலும் இல்ல. எப்படின்னு மட்டும் சொல்லிக்குடு."

நல்ல மனசோடுதான் சொன்னான். வேறொருத்தியாக இருந்தால் கண் கலங்கியிருப்பாள். டார்லினுக்கோ தலையிலிருந்து கால்வரை அசதிதான் இறங்கியது.

"அதையும் நாந்தான் சொல்லிக்குடுக்கணுமா?"

எபனேசர் பாட்டை நிறுத்தினான். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான்.

"வேண்டாம். நான் பாத்துப் படிச்சுக்கிடுதேன். நீ உக்காரு."

இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவளை உட்காரச் சொன்னவர்கள் யாரும் இல்லை. டார்லின் உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தாள்.