முந்தின ஷிஃப்டின் அளவு

‘ஆடி, மூன்றாம் ஞாயிறு, காலை. சங்கக் கூடம். மாப்பிள்ளை முதல் தட்டுத் தோட்டாக்களை முடித்துவிட்டார். மருந்தின் தொடக்க அளவுக்கு ஆதாரம் கேட்டேன். வாய்மொழி.’

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். கடைசிச் சொல்லை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அன்றைய என் மனநிலைக்கு அந்தக் கிழிசல் போதுமான சாட்சி.

மாப்பிள்ளை என்பது என் தங்கையின் கணவர். தேர்வாய் கண்டிகையில் பிளாஸ்டிக் வாளியும் மூடியும் வார்க்கும் ஆலையில் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஆரணிப் பக்கம் குடும்பத்துக்கு நெல்வயல் உண்டு. அதை அவருடைய தம்பிகள் பார்த்துக்கொள்கிறார்கள். இவருக்குக் குறிபார்த்துச் சுடுவதில் பித்து. உரிமம் வாங்கி, துப்பாக்கி வாங்கி, சுடுவோர் சங்கத்தில் சேர்ந்தார். புதுத் தோட்டா விலை கையைக் கடித்ததால், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில், தீப்பொறி தரும் பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் புதிதாக வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வேலையில் இறங்கினார். சங்கத்துக்கு அதற்கு முறையான அனுமதி இருந்தது. அறிவு இருந்ததா என்பதுதான் கேள்வி.

“அண்ணா, நீ ஒருவாட்டி கூடப் போய்ப் பாரு” என்று தங்கை என்னிடம் சொல்லியிருந்தாள். “அவரு சுடறச்சே அந்த இரும்புல கன்னத்த வச்சிக்கினு சுடறாரு. அது வெடிச்சா இன்னா ஆவறது?”

நான் சுடுவதில்லை. படிப்பேன். எதற்கும் மூலம் எங்கே என்று கேட்பேன். இந்த விஷயத்திலும் படித்துவிட்டுத்தான் போனேன். மருந்து தயாரிக்கிறவர்கள் பட்டியல் அச்சிடுகிறார்கள். இந்தத் தோட்டாவுக்கு, இந்த எடைக் குண்டுக்கு, இந்த மருந்தில், இதில் தொடங்கு, இதைத் தாண்டாதே என்று இரண்டு அளவுகள். கீழ் அளவில் தொடங்கி, சுட்ட கூட்டில் வீக்கமோ விரிசலோ உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு, சிறிது சிறிதாக ஏற வேண்டும். குண்டோ கூடோ பிரைமரோ மாறினால் மறுபடி கீழிருந்து. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும். எங்கள் சங்கத்தின் பெரியவர்களுக்கு விளங்கவில்லை.

பெரியவர்களில் பெரியவர் புதுவாயலில் இரும்புக்கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அண்ணன். நான் போனபோது அவர் மருந்து அளக்கும் மேசையிலேயே பொட்டலம் பிரித்து நாஷ்டா பண்ணிக்கொண்டிருந்தார். தராசின் மேல் தட்டில் சாம்பார்த் துளி. அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டார். வேதியியல் கூடத்தின் ஒழுங்கு அந்த அளவில் இருந்தது.

“இந்த அளவு எங்கேர்ந்து வந்துது மாப்ள?” என்றேன்.

“அண்ணன் ஓட்டறதுதான் மச்சான். ரொம்ப நாளா அதுலதான் ஓட்டறாரு. ஒரு பேஜாரும் இல்ல.”

ஓட்டறது என்ற சொல்லில் எனக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் ஆலையில் யாரும் மிஷினை அடியிலிருந்து தொடங்குவதில்லை. ஷிஃப்ட் மாறும்போது போகிறவனிடம், ‘எதுல ஓட்டிக்கினு கீற?’ என்று கேட்பார்கள். அவன் சொல்லும் சூட்டிலும் அழுத்தத்திலும் வருகிறவன் தொடர்வான். கீழிருந்து ஏறுகிறவன் வேலை தெரியாதவன். இத்தனை வருஷம் அப்படியே வாளி வார்த்தவர், துப்பாக்கிக்கும் முந்தின ஷிஃப்டைத் தேடிப் போயிருக்கிறார். அங்கே கெட்டுப்போன பீஸை அரைத்து மறுபடி உருக்கலாம். இங்கே கெட்டுப்போகிற பீஸ் கன்னம்.

பட்டியலை விரித்தேன். அண்ணனின் அளவு தொடக்கத்தை எங்கோ விட்டுவிட்டு, உச்ச அளவையும் சற்றுத் தாண்டி நின்றது. போதாக்குறைக்கு மாப்பிள்ளை வைத்திருந்த குண்டு வேறு தயாரிப்பு, கூடும் வேறு.

“அண்ணா, இது புஸ்தகத்துல போட்ட உச்சத்துக்கும் மேல கீது” என்றேன்.

அண்ணன் வடையை விழுங்கிவிட்டுச் சிரித்தார். “புக்கா? யாராவது கேஸு போட்டுடுவான்னு பயந்துக்கினு கம்மியா அச்சடிக்கிறான் நைனா வெள்ளக்காரன். ஸ்டார்ட்டிங் லோடுல போட்டா குண்டு இன்னாத்துக்கு ஆவும்? கொசு அடிக்கலாம்.”

கூடத்தில் இருந்த நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். அதில் ஒருவர் பொறியியல் பட்டதாரி. அவர் சிரிப்புதான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.

“துப்பாக்கியே புடிக்காதவரு வந்து நமக்குக் கிளாஸ் எடுக்கறாரு பாரு” என்றார் அண்ணன்.

“கண்ணாடி போட்டவராச்சே, படிச்சிதான் ஆவணும்” என்றார் பட்டதாரி.

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சுடுமிடத்தைப் பார்த்து நகர்ந்தார். தங்கையின் குரல் காதில் இருந்தது. பட்டியலைக் காட்டி இவர்களோடு வாதாடுவது சுவரோடு பேசுவது. எனக்கு வேறொன்று தோன்றியது.

“ரொம்ப சரிண்ணா” என்றேன். “உங்க அளவு, உங்க அனுபவம். அப்ப மொத தோட்டாவ நீங்களே சுட்டுக் காட்டுங்க. மாப்ளயோட துப்பாக்கியில.”

“நானா? இன்னாத்துக்கு?”

“ஒரு பேஜாரும் இல்லன்னீங்களே.”

அண்ணன் கைகழுவப் போனார். திரும்பி வந்து, கையைத் துண்டில் நெடுநேரம் துடைத்தார். பிறகு, உலகத்துக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்கிறவர் போலச் சொன்னார்: “என் துப்பாக்கி வேற பா, அவுரு துப்பாக்கி வேற. என் பேரல்ல ஒத்துக்கறது அதுல ஒத்துக்கும்னு இன்னா கேரண்டி? நான் எப்படி அத மூஞ்சில வச்சிக்கினு சுடறது?”

பட்டியலின் முதல் பக்கத்தில் எச்சரிக்கை என்று அச்சிட்டிருப்பதை இதைவிடத் தெளிவாக யாரும் மொழிபெயர்க்க முடியாது. சொன்னவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. பட்டதாரிக்கும் தெரியவில்லை, தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. தட்டை மேசையில் வைத்தார். “அப்ப என் மூஞ்சி மட்டும் இன்னா வாளி மூடியாண்ணா?” என்றார்.

அண்ணன் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

மாப்பிள்ளைக்கு வந்த கோபம் அடுத்து என்மேல் திரும்பியது. “சரி மச்சான், வுடு. பாதி மருந்து போட்டுடறேன். அப்ப பயமில்ல இல்ல?” அதுவும் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. தொடக்க அளவுக்குக் கீழே போனால் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம்; அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் முடிந்தது கதை. “மேலயும் போவக்கூடாது, கீழயும் போவக்கூடாது. இன்னா மச்சான் இது, ஊட்ல உன் தங்கச்சி கிட்ட பேசறா மாரி கீது” என்றார். அந்த வீட்டு நிலவரத்தில் நான் கருத்துச் சொல்வதில்லை.

தயாரான தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். சுத்தி போன்ற ஒரு கருவிக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் தட்டினால் குண்டு கழன்று வரும், மருந்து கொட்டும். மதியம்வரை தட்டினார். அடுத்த ஞாயிறு பட்டியலின் அடியிலிருந்து தொடங்கினார். முதல் சுற்றில் அழுத்தம் குறைவாக இருந்ததால் கூட்டின் கழுத்தெல்லாம் கரி. இலக்கு வரைந்த குறித்தாளில் ஓட்டைகள் சிதறியிருந்தன. பட்டதாரி “பட்டாசு” என்று கத்தினார். பல ஞாயிறுகள் போயின. தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் பாதி வழியிலேயே ஓட்டைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்தன. மேலே போக அவசியம் இருக்கவில்லை. அந்தக் குறித்தாளை மாப்பிள்ளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. கூடு எடுத்துப் பார்த்து, “பரவால்ல, இந்த செட்டிங் நிக்குது” என்றார்.

அண்ணன் இப்போது புதிதாகச் சேர்கிறவர்களிடம், புக்கு பார்த்துப் போடுங்கப்பா என்கிறார். அந்த வழக்கத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்ததே தான்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பட்டதாரி ஆமோதிக்கிறார். நான் திருத்தவில்லை. பொய்யான வரலாற்றால் ஒருவருடைய கண் பிழைக்குமானால் இருந்துவிட்டுப் போகட்டும். என் குறிப்பில் மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கிறது.

போன மாதம் தங்கை கேட்டாள்: “அன்னிக்கி நெஜமாவே வெடிச்சிருக்குமாண்ணா?”

தெரியாது என்றேன். உச்ச அளவைச் சற்றுத் தாண்டினாலும் தாங்கிய துப்பாக்கிகள் உண்டு, தாங்காதவையும் உண்டு. அண்ணனின் துப்பாக்கி அந்த அளவை ஒருமுறையாவது சுட்டதா என்பதற்கும் நேரில் பார்த்த சாட்சி எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் துப்பாக்கி அதைத் தாங்கியிருக்குமா என்பது, அவர் கன்னத்தை வைத்துத்தான் சோதித்திருக்க வேண்டிய தகவல். சரிபார்க்கப்படவில்லை.