நைஜரும் இருபத்து நான்கு ஆரங்களும்

அறுபதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்துப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். ஆய்வாளர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். அவர் வருகிறார் என்று முப்பத்தாறு நாட்டுக் கொடிகளை வரைந்து, கீழே பெயர்ச்சீட்டு ஒட்டிச் சுவரில் மாட்டினேன். நம் கொடிச் சக்கரத்தின் இருபத்து நான்கு ஆரங்களை நான்கு முறை எண்ணினேன். சாரல் காலம். பசை காயவில்லையே என்பதுதான் கவலை.

ஆய்வாளர் ஒரு கொடியின் முன்னால் நின்றுவிட்டார்.

"என்ன வே, சக்கரம் இருக்க வேண்டிய இடத்துல தோசய வரஞ்சு வச்சிருக்கீரு?"

"ஐயா, அது நம்ம கொடி இல்ல, நைஜர் நாட்டுக் கொடி. மேல ஆரஞ்சு பாலைவனம், கீழ பச்சை புல்வெளி, நடு வட்டம் சூரியன்."

"பேரக் காணுமே?"

குனிந்து தேடினேன். சுவரில் முப்பத்தைந்து சீட்டுகள் இருந்தன. முப்பத்தாறாவது அவர் செருப்பில் ஒட்டியிருந்தது.

"ஐயா, கால கொஞ்சம் தூக்கணும்."

சீட்டைப் படித்தார். நம் கொடியிடம் போய் ஆரங்களை எண்ணினார்.

"இருபத்தி மூணுதான வருது!"

முதல் ஆரத்தில் என் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். இருபத்து நான்கு வந்தது.

"சரி வே" என்று போய்விட்டார்.

நிரந்தர ஆணை வர ஐம்பத்திரண்டு நாள் ஆயிற்று. தினமும் காலையில் அந்த ஆரங்களை எண்ணினேன். ஐந்து நாள் எனக்கும் இருபத்து மூன்றுதான் வந்தது.