அறுபதுக்குக் கீழே மாத்திரை இல்லை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு டாக்டர். அவருக்கு ஒரே ஒரு கம்பவுண்டர், அதாவது நான். பிறர் நாடியைப் பிடித்துப் பிழைக்கும் சகபாவிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை: டாக்டருக்குக் கும்பிடு, நமக்குத் திட்டு.

முழுசாக ஒரு நிமிஷம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் செஞ்சியில், நெஞ்சு தாறுமாறாக அடிப்பவர்களுக்கு எங்கள் டாக்டர் டிஜாக்சின் மாத்திரை கொடுப்பார். அது அடிப்பை நிதானமாக்கும். மிஞ்சினால் நிறுத்தியே விடும். அதனால் தினம் காலையில் நான் ஒரு நிமிஷம் நாடி எண்ணவேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் அன்று மாத்திரை கிடையாது.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அவலூர்பேட்டை வியாபாரி கையைப் பிடித்தேன். நாற்பத்தொன்றில் "மழை வருமா தம்பி?" என்றார். மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாம் தடவை தவறியதும் கையை உருவிக்கொண்டார். "எங்கிட்ட மூட்டை எண்ற ஆளு ஒனக்கு மேல!"

ஐம்பத்திரண்டு

வளையல் கடை காதர் பாய்க்கு ஒருநாள் ஐம்பத்திரண்டு. "இன்னிக்கு உங்களுக்கு மாத்திரை இல்லை பாய்" என்றேன். காரணமும் சொன்னேன், என் குரல் எனக்கே அரைகுறையாய்த்தான் கேட்கும். பெஞ்சிலிருந்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் அவரைப் பார்த்தார்கள். பாய் முகம் செத்துவிட்டது.

"டாக்டரு என்னக் கைவுட்டுட்டாருன்னு நேராவே சொல்லேம்பா."

எண்பத்தாறு

மறுநாள் எண்பத்தாறு! அடுத்த நாள் எண்பத்தெட்டு. பாயின் கழுத்தெல்லாம் வியர்வை, புழுக்கம் என்று நினைத்தேன். அவர் நெஞ்சை நானே பழுதுபார்த்துக் கொடுத்தமாதிரி பெருமையோடு தினமும் மாத்திரையை நீட்டினேன்.

ஐந்தாம் நாள், சோறு இறங்கவில்லை என்றார். என் வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரிகிறதாம். மாத்திரை மிஞ்சினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். எனக்கோ ரோஷம் மட்டுமே வந்தது. பாய் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு புத்தியும் சொன்னார்: "நல்ல சவுக்காரமா போட்டுத் தொவை தம்பி."

கோட்டைப் படி

ஆறாம் நாள் வாசலிலேயே வாந்தியெடுத்து விழுந்தார். நாடி முப்பத்தெட்டு. டாக்டர் அதட்டியதும், சேதி கேட்டு ஓடிவந்திருந்த பாயின் மனைவி அழுதுகொண்டே சொன்னார்: நாடி அறுபதைத் தாண்டி மாத்திரை கிடைக்கவேண்டுமே என்று மனுஷன் தினமும் விடிந்ததும் கோட்டை மலைப் படியில் ஏறி இறங்கி, ஓட்டமாய் இங்கே வந்திருக்கிறார்.

டாக்டர் மாத்திரையை நிறுத்திப் பின்னறையில் படுக்கவைத்தார். அது உடம்பைவிட்டு இறங்கும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம். மணிக்கொரு தடவை எண்ணினேன். நாற்பது. முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. நாலாம் நாள் அறுபத்துநாலு.

கிளம்பும்போது பாய் என் தோளைத் தட்டினார். "இனிமே மாத்திர இல்லேன்னு சொல்லாத தம்பி. மாத்திரைக்கு இன்னிக்கு லீவுன்னு சொல்லு. நானும் கடைக்கு லீவு வுட்டுட்டு வூட்ல படுத்துக்கறேன்." மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனார்.

அன்றுமுதல் யார் வந்தாலும் அரைமணி உட்காரவைத்த பிறகே நாடி பிடித்தேன். அதற்குக் கடைத்தெரு எனக்குக் கொடுத்த பட்டம், 'சோம்பேறிக் கம்பவுண்டர்'.