எருக்கலம்பாலும் ஒற்றைத் துவாயும்

கட்டைபறிச்சான் கரையில் எருக்கலஞ்செடியைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்த சின்னராசா கத்தியைக் கீழே போட்டான்.

"முதலாளி, புகைக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு. உங்கட முகம் தெரியேல்லை."

சின்னராசா என் படகோட்டி. கண் போனால் அவனுக்குத் தொழிலே இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலையில் மூலிகைக் கட்டுச் சுமந்து தொடங்கி, இன்று சொந்த லொறியும் படகும் வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற கம்பஸ் மிஸ்ஸே என்னைத் தேடித்தான் வந்தா. எருக்கலம்பாலில் கலோட்ரோபின் என்று ஒரு இயற்கை ஸ்டீரொயிட் இருக்கிறதாம். அது புற்றுநோய்க் கலங்களையும் இருதயத்தையும் என்ன செய்கிறது என்று ஆராய்கிறார்கள். சுத்தமான பால் திருகோணமலையில் வேறு யாரிடம் கிடைக்கும்?

முள் குத்தினால் அந்தப் பாலைத்தான் எங்கள் ஆட்கள் பூசுவார்கள். அதனால் ஒருவருக்கும் அதில் பயமில்லை. சின்னராசா கத்தியைத் துடைத்த தோள் துவாயாலேயே முகத்து வேர்வையையும் துடைத்திருந்தான்; பால் கண்ணுக்குள் போய்விட்டது.

கரையோர வீட்டு அக்கா ஒருத்தி ஓடிவந்தா. "கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறா. தாய்ப்பால் விட்டாச் சரியாப்போம்."

"பொறுங்கோ!" என்று சொல்லிவிட்டு மிஸ்ஸுக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"நோகுதாமோ ஐயா?"

"நோவே இல்லையாம், மிஸ்."

"அதுதான் இந்தப் பாலின்ர குணம். நோகேல்லை எண்டு விட்டிடாதேங்கோ. தண்ணியைத் தவிர ஒண்டும் விடவேண்டாம். கழுவிக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. எருக்கலம்பால் எண்டு மறக்காமச் சொல்லுங்கோ."

படகை நானே ஓட்டினேன். கொட்டியாரக் குடாவை அந்த வேகத்தில் ஒருவரும் தாண்டியிருக்கமாட்டார்கள். கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சின்னராசா கத்தினான்: "முதலாளி, இன்ஜின் கத்துது! கொஞ்சம் குறையுங்கோ!"

"நீ கண்ணைப் பார்!"

"பாக்க ஏலாமத்தானே போறம்!"

திருகோணமலை ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "கருவிழி வீங்கிக் கிடக்கு. துளிமருந்து தாறன். அநேகமா வடிஞ்சிடும். ஆனா இப்பவே உறுதி சொல்ல ஏலாது."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. வீடு திரும்பிய அவனைத் தினமும் போய்ப் பார்த்தேன். "வெளிச்சம் மட்டும் தெரியுது" என்பான். பிறகு, "ஆள் நிக்கிறது தெரியுது" என்றான். ஒருநாள் காலை கதிரையில் இருந்தவன் என்னை உற்றுப் பார்த்தான்.

"முதலாளி, மீசையில இடப்பக்கம் மை அடிக்க மறந்துபோனியளோ?"

அவன் மனைவி, "சும்மா இருங்கோப்பா!" என்று அதட்டினா. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கேலிக்கு அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

இப்போது எங்கள் படகில் கத்திக்கு முதல் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கான் ஏறும். கத்தி துடைக்கும் துணி கானிலேயே கட்டிக் கிடக்கும், தோளுக்கு வராது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: நோகவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள்.

மீசைக்கு மை அடித்தால், வெளியே போகுமுன் சின்னராசாவிடம்தான் காட்டுகிறேன்.